யூனியன் கொடுத்தும் 2டியும் 3டியும் ஒட்டவில்லையே!

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப்பில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். 200-க்கு 150 மி.மீ. பேஸ் பிளேட், 14 மி.மீ. ஓட்டைகள் நான்கு, ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரில் 2டி படமாக இருக்கிறது. அதன் மேல் நிற்கும் பைப்பை 3டியில் வரைந்துவிட்டேன். இரண்டையும் ஒரே பொருளாக்க யூனியன் கட்டளை கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. தனியாக '3டி மாட்யூல்' வாங்க வேண்டும் என்கிறார் சாஃப்ட்வேர் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முழு ஆட்டோகேடில் 3டி உள்ளேயே இருக்கிறது. அது இல்லாமல் விலை குறைவாக வருவது ஆட்டோகேட் எல்டி. நீங்கள் பைப்பையே வரைந்துவிட்டீர்கள், அப்படியென்றால் உங்களிடம் இருப்பது எல்டி அல்ல. அவர் எதையோ உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். எல்டியை விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து 'அப்கிரேடு' என்று திரும்பி வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பில்லில் பொருளின் முழுப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, யூனியன் ஏன் மறுக்கிறது? அது ஒரே இனத்தைத்தான் சேர்க்கும். சாலிடோடு (உள்ளே நிறைந்த 3டி பொருள்) சாலிட், ஒரே தளத்தில் கிடக்கும் ரீஜனோடு (மூடிய தட்டைப் பரப்பு) ரீஜன். உங்கள் பிளேட்டுக்குக் கனமே, அதாவது தடிமனே, இல்லை. தரையில் போட்ட கோலத்தை அதன் மேல் வைத்த குடத்தோடு பற்றவைக்க முடியுமா? முதலில் பிளேட்டுக்கு 10 மி.மீ. கனம் கொடுங்கள், அப்புறம் சேருங்கள்.

கனம் கொடுக்கும் முன் படத்தை ஒரு காப்பி எடுத்து வையுங்கள், எக்ஸ்ட்ரூட் (கோட்டை உயர்த்திக் கனம் கொடுக்கும் கட்டளை) செய்தால் மூலக் கோடு காணாமல் போகலாம். வெளிக்கோடு மூடியிருக்க வேண்டும். கண்ணுக்கு மூடியது போலத் தெரிந்தும் மூலையில் இடைவெளி இருந்தால் எக்ஸ்ட்ரூட் செய்து கிடைப்பது சாலிட் அல்ல, உள்ளே ஒன்றுமில்லாத சர்ஃபேஸ். உள்ளே ஹேட்ச் (பரப்பைக் கோடுகளால் நிரப்பும் கட்டளை) போட்டுப் பாருங்கள். இடைவெளி இருக்கும் இடத்தைச் சிவப்பு வட்டம் காட்டிக்கொடுக்கும். இன்னொரு தொல்லை, யாரோ அனுப்பிய படத்தில் ஒரு கோடு மட்டும் இசட்டில், அதாவது உயர அச்சில், கொஞ்சம் உயர்ந்து நிற்பது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லாக் கோடுகளையும் ஒரே தளத்துக்கு இறக்கும் ஃப்ளாட்டன் கொடுங்கள்.

நிறையப் பேர் சறுக்குவது ஓட்டையில்தான். வெளிக்கோட்டையும் நான்கு வட்டங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து எக்ஸ்ட்ரூட் கொடுப்பார்கள். பிளேட்டும், அதற்குள் நான்கு வில்லைகளும் கிடைக்கும். அந்த நிலையில் எல்லாவற்றையும் யூனியன் கொடுத்தால் ஓட்டைகள் அடைந்துபோகும். முதலில் பிளேட்டிலிருந்து வில்லைகளை சப்ட்ராக்ட் (கழித்தல்) செய்யுங்கள். மாஸ்ப்ராப் கொடுத்துக் கன அளவைப் பாருங்கள். முழுப் பிளேட் 3,00,000 கன மி.மீ.; ஓட்டைகள் போனால் சுமார் 2,93,842 வர வேண்டும். வந்தால்தான் பைப்பைச் சேர்க்க வேண்டும்.

பைப்பின் அடி பிளேட்டின் மேல் முகத்தில் ஸ்னாப் (புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்கும் வசதி) பிடித்து உட்காரட்டும். நூலிழை இடைவெளி விட்டாலும் யூனியன் எச்சரிக்காது. ஒன்றையொன்று தொடாத இரண்டு துண்டுகளை ஒரே பொருள் என்று கணக்கில் வைத்துக்கொள்ளும். பிளாக் ஆக்கினால் போதாதா என்று யாராவது சொல்வார்கள். பிளாக் என்பது சேர்த்துக் கட்டுவது மட்டும்தான், பொருள் ஒன்றாகாது.

இவ்வளவும் அரை மணி நேர வேலை. இதைச் சொல்லித்தராமல், எந்த ஐகான் எங்கே இருக்கிறது என்று மாதக்கணக்கில் காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சி மையங்களை என்ன சொல்வது! பெரிய கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. அவர்களிடம் 3டி மாடல் இருக்கும். நமக்கு வருவது அதன் பிடிஎஃப். அதைப் பார்த்து மறுபடி 3டி போட்டுக் கொடு என்பார்கள். நடுவில் 'ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு' என்று கன்வர்ஷன் செய்துதர ஒருவர் வந்து நிற்பார். அவர் தரும் ஃபைலில் பாதி சர்ஃபேஸாக இருக்கும். மாஸ்ப்ராப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். பிளேட்டை லேசர் கட்டிங்குக்கு அனுப்புவதாக இருந்தால் 3டி வேண்டாம். அங்கே கேட்பது தட்டைப் படம், டிஎக்ஸ்எஃப் ஃபைலாக. அதற்குத்தான் காப்பி எடுத்து வைக்கச் சொன்னேன். சேர்த்த பொருளிலிருந்து ஃப்ளாட்ஷாட் (3டியைத் தட்டைப் படமாக்கும் கட்டளை) எடுத்து அனுப்பினால் பைப்பின் வட்டமும் கூடவே போகும், ஆபரேட்டர் அதையும் வெட்டிவிடுவார். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளும் போகும். வெட்டும் நீளத்துக்குக் காசு வாங்கும் கடையில் அதற்கும் சேர்த்து பில் வரும், ஓவர்கில் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். வளைக்கும் தகடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெளி அளவு 50, 50 என்று 90 டிகிரி வளைவுள்ள பிராக்கெட்டுக்கு வெட்ட வேண்டிய நீளம் 100 அல்ல, அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது தகட்டின் கனம், வளைவின் ஆரம், கடையில் இருக்கும் டை (வளைக்கும் அச்சு) இவற்றைப் பொறுத்தது. சாதாரண ஆட்டோகேட் இந்தக் கணக்கைப் போட்டுத்தராது. வளைத்துக் கொடுப்பவரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.