அவள் எழுதட்டும், அப்பா படிக்கட்டும்

கேள்வி: எங்கள் மகள் கலிபோர்னியாவில், பே ஏரியாவில் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பத்திரிகையின் கருத்துப் பக்கத்துக்கு அவள்தான் ஆசிரியர். இந்த வருஷம் மூன்று கட்டுரைகள் எழுதினாள். ஒன்று, பள்ளி நேரத்தையும் தூக்கத்தையும் பற்றியது. இரண்டாவது, பதினெட்டு வயதாகப் போகிறவர்கள் ஓட்டுக்குப் பதிவு செய்வது பற்றி. அதில் இரண்டு கட்சிகளையும் காரமாக விமர்சித்திருந்தாள். மூன்றாவது, நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பது பற்றி. அது இன்னும் அச்சாகவில்லை. அதற்குள் விஷயம் வெளியே தெரிந்து, எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சாகிவிட்டது. யாரோ ஒரு பெற்றோர் பள்ளிக்கு எழுத, பிரின்சிபல் 'இப்போதைக்குத் தள்ளிப் போடலாமே' என்கிறார். என் கணவர் 'காலேஜ் அட்மிஷன் முடியும்வரை எதுவும் எழுதக் கூடாது' என்று சொல்லிவிட்டார். அவள் இங்கே பிறந்தவள். நாங்கள் இருவரும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். அப்பாவும் மகளும் பேசி ஒரு வாரம் ஆகிறது. நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுரை அச்சாக வேண்டுமா என்ற விஷயத்தில் மகள் பக்கம் நில்லுங்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கணவரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். வேலை, விசா, வீட்டுக் கடன், மகளின் படிப்பு என்று எல்லாமே ஒரே நூலில் தொங்குவதாக நினைக்கும் மனிதர், அந்த நூலை யாரும் தொட்டுவிடக் கூடாது என்றுதான் தவிப்பார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு கட்டுரைகளுக்கு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மகள் இரண்டு கட்சிகளையும் விமர்சித்தபோதுகூட அவருக்கு அட்மிஷன் ஞாபகம் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. அவர் பயப்படுவது கல்லூரிக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவரை வாட்டுகிறது. வாரக் கடைசியில் சேர்ந்து சாப்பிடுகிற, ஆபத்துக்கு ஓடிவருகிற அந்த நாலு பேர்தான் அவருக்கு இங்கே சொந்தபந்தம். அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் பொய்யில்லை. அதை 'அட்மிஷன்' என்ற பெயரில் மகளிடம் சொன்னால்தான் அவளுக்கு அது பொய்யாகப் படும். பதினேழு வயசுக்கு அது சட்டென்று தெரிந்துவிடும்.

இதில் எனக்கும் ஒரு பழைய வலி உண்டு. நான் பள்ளியில் படித்தபோது ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். அதிலிருந்து இரண்டு பத்திகளை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். வீட்டில் வந்து அழுதேன். அப்பா 'விடு, பரீட்சையைப் பாரு' என்றார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் நான் எழுதிய எதையும் அவரிடம் காட்டியதில்லை.

இனி அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். 'எந்த ஊர்?' என்று தொடங்கும். பிறகு 'ஊரில் எந்தப் பக்கம்?', அப்புறம் 'வீட்டில் சைவமா?', கடைசியில் 'குலதெய்வம் எது?' என்று போகும். இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம்மில் சிலர் பதில் சொல்ல முடியாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறோம். கேட்கிறவர்களுக்கு இது சாதாரணப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது அப்படித் தெரிவதில்லை. வரலாறு வகுப்பில் சிவில் உரிமை இயக்கத்தைப் படித்துவிட்டு வந்த பெண், சனிக்கிழமை விருந்தில் இதைக் கேட்டால் எழுதாமல் என்ன செய்வாள்?

சின்னப் பெண்ணுக்கு எதற்கு இந்த வம்பு என்று அந்தக் குழுவில் சொல்லியிருப்பார்கள். இது பெரியவர்களே முடிக்காமல் விட்ட வம்பு. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே வருஷம் கலிபோர்னியா சட்டமன்றமும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய எஸ்.பி. 403 என்ற மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் அதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார். ஏற்கெனவே இருக்கும் சட்டங்களே இதைத் தடுக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். அந்த மசோதாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் இந்திய வம்சாவளியினரே மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போய்ப் பேசினார்கள். நீங்கள் வாழும் மாநிலத்தில் சட்டமன்றமே விவாதித்த விஷயத்தைத்தான் உங்கள் மகள் எழுதியிருக்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் வீட்டில் யாரும் இதுவரை பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் 'தள்ளிப் போடலாமே' என்ற வார்த்தைக்கு இவ்வளவு கலங்கியிருக்க மாட்டீர்கள்.

1965 டிசம்பரில், வியட்நாம் போருக்கு வருத்தம் தெரிவித்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு சில மாணவர்கள் பள்ளிக்குப் போனார்கள். அயோவா மாநிலத்தின் டி மொய்ன் நகரம் அது. அவர்களில் ஒருத்தி மேரி பெத் டிங்கர், வயது பதின்மூன்று. பள்ளி அவர்களை வெளியே அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர்கள் ஜெயித்தார்கள். பள்ளி வாசலைத் தாண்டியதும் மாணவர்களின் பேச்சுரிமை போய்விடாது என்றது தீர்ப்பு. ஆனால் 1988-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. மிசௌரியில் ஹேசல்வுட் என்ற இடத்தில், டீன் ஏஜ் கர்ப்பத்தையும் பெற்றோரின் விவாகரத்தையும் பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைப் பிரின்சிபல் பத்திரிகையிலிருந்து எடுத்துவிட்டார். பள்ளி நடத்தும் பத்திரிகையில், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகம் கை வைக்கலாம் என்றது நீதிமன்றம். பிரின்சிபல்கள் பலருக்கும் இந்தத் தீர்ப்புதான் மனதில் நிற்கிறது.

நீங்கள் இருப்பது கலிபோர்னியாவாகப் போனது நல்லதாயிற்று. இங்கே 1977-இலிருந்தே மாணவர் பத்திரிகைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. கல்விச் சட்டத் தொகுப்பில் 48907-ஆம் பிரிவு. பள்ளியின் பணத்தில் நடக்கும் பத்திரிகையாக இருந்தாலும், எதைப் போடுவது என்பது மாணவ ஆசிரியர்களின் பொறுப்பு. ஆபாசம், அவதூறு, சட்டமீறலுக்கோ பள்ளி விதிமீறலுக்கோ பள்ளியின் நடப்பைப் பெரிதாகக் குலைக்கும் குழப்பத்துக்கோ தூண்டிவிடும் எழுத்து ஆகியவற்றுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால், கட்டுரை இவற்றில் எதில் விழுகிறது என்பதைப் பள்ளிதான் காட்ட வேண்டும், அதுவும் தாமதம் செய்யாமல். ஒரு பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பத்திரிகையைக் கவனிக்கும் ஆசிரியை தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தயங்கினால் அவரிடமும் சொல்லுங்கள்: மாணவர்களின் இந்த உரிமைக்காக நின்ற ஆசிரியரைத் தண்டிக்கக் கூடாது என்று பின்னால் தனியாகச் சட்டம் வந்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் 'அவதூறு' என்று ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? அங்கேதான் உங்கள் மகள் கவனமாக இருக்க வேண்டும். கட்டுரையை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். 'போன மாதம் நடந்த புதுமனைப் புகுவிழாவில் ஒரு மாமா' என்று எழுதியிருந்தால், உங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அந்த மாமா யார் என்று தெரிந்துவிடும். பெயர் போடாவிட்டாலும் அவர் வீட்டுக் கதவில் போய் எழுதி ஒட்டியதுபோல்தான். விசேஷம், மாதம், உறவு முறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கட்டுரையின் பலம் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அவள் காதால் கேட்டது எது, யாரோ சொன்னது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: 'உன்னிடம் யாராவது கேட்டபோது நாங்கள் என்ன பதில் சொன்னோம்?' என்று. அவள் சொல்லும் பதில் உங்களுக்கு வலிக்கலாம். ஆனாலும் கேளுங்கள்.

அட்மிஷன் விஷயம் சுருக்கமாக. கலிபோர்னியா பல்கலைக்கழகக் கல்லூரிகள் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைகளுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும். ஒரு பத்திரிகையின் கருத்துப் பக்கத்தை நடத்திய பெண்ணுக்கு அங்கே எழுதச் சரக்கு இருக்கும். தனியார் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவது பெரும்பாலும் மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரும், அவளே தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களும்தான். பிரின்சிபலைப் பகைத்தால் எல்லாம் போச்சு என்ற கணக்குத் தவறு. அதோடு, 'அட்மிஷன் முடியும்வரை' என்றால் எதுவரை? முடிவுகள் மார்ச்சில் வருகின்றன. எங்கே சேர்வது என்று மே 1-க்குள் சொல்ல வேண்டும். ஜூனில் பள்ளியே முடிந்துவிடும். அதற்கு மேல் அவள் எழுத எந்த இதழ் மிச்சமிருக்கும்?

விசாவைப் பற்றிய கவலை இருந்தால், குழுவில் கேட்காதீர்கள். உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை மகளும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

தூக்கம் பற்றிய கட்டுரையில் அவள் பக்கம் நியாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜூலை முதல் நடப்பில் இருந்தும், பள்ளி நேரத்துக்கு முன்பே நடக்கும் ஜீரோ பீரியட் வகுப்புக்கு அதில் விலக்கு உண்டு. கல்லூரித் தரத்திலான ஏ.பி. வகுப்புகளை அடுக்கிக்கொள்ளும் பிள்ளைகள் அந்த விலக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவளுக்கு எத்தனை ஏ.பி. வகுப்புகள், இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று நீங்களே ஒரு வாரம் கவனியுங்கள்.

இரண்டாவது கட்டுரையில்தான் என் மனசு நின்றது. கலிபோர்னியாவில் பதினாறு வயதிலேயே ஓட்டுக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம். பதினெட்டு ஆனதும் அது தானாக நடப்புக்கு வரும். அந்தப் பதினெட்டு வயதும் சும்மா வந்ததல்ல. வியட்நாமில் சாகப் போகிற வயது ஓட்டுப் போடவும் போதும் என்று கேட்டுக் கேட்டு, 1971-இல் அமெரிக்க அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தமாக வந்தது. உங்கள் வீட்டில் மூன்று பேர். நீங்கள் இருவரும் இத்தனை வருஷம் வரி கட்டியும் ஓட்டுச்சீட்டைத் தொட்டதில்லை. முதலில் ஓட்டுப் போடப் போவது அவள்தான். இதை உங்கள் கணவர் எப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கிறாரா?

அவரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். வேலை வழிக் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை வருஷக் கணக்கில் நகராமல் கிடக்கிறதே, அதைப் பற்றி அவருக்கு நிச்சயம் கருத்து இருக்கும். ராத்திரி தூக்கம் வராமல் யோசித்த கருத்தாக இருக்கும். அதை மகளிடம் உட்கார்ந்து சொல்லட்டும், பேட்டி கொடுப்பதுபோல. அவள் கேள்வி கேட்கட்டும். சண்டை வந்தாலும் வரட்டும். அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன், மூன்றாவது கட்டுரையின் ஒரு பிரதியை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். இதுவரை அவர் அதைப் படித்திருக்க மாட்டார், குழுவில் வந்ததைத்தான் படித்திருப்பார் என்பது என் சந்தேகம். படித்துவிட்டு எதிர்த்தால் அது மகளுக்கு மரியாதை. படிக்காமல் நிறுத்தச் சொன்னால் அவள் மன்னிக்க ரொம்ப நாளாகும்.

குழுவில் உள்ளவர்களுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். நெருக்கமான ஓரிருவரை மட்டும் போனில் கூப்பிட்டு, 'கட்டுரையில் யார் பெயரும் இல்லை, வந்ததும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்றால் போதும்.

பிரின்சிபலுக்கு எழுதும் மின்னஞ்சலை மகளே எழுதட்டும், கருத்துப் பக்க ஆசிரியராக. அம்மா எழுதினால் அது பெற்றோர் புகாராகிவிடும். கட்டுரையைத் தள்ளிப் போடச் சொல்வதற்கு 48907-ஆம் பிரிவின்படி என்ன காரணம் என்று மரியாதையாக, எழுத்தில் கேட்கட்டும். பத்திரிகை ஆசிரியைக்கும் ஒரு நகல் போகட்டும். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம், ஐந்தாறு வரி போதும். அச்சுக்குப் போகும் தேதி நெருங்கியும் பதில் வராவிட்டால், ஸ்டூடண்ட் பிரஸ் லா சென்டர் என்ற அமைப்புக்கு அவள் எழுதலாம். 1974-லிருந்து மாணவப் பத்திரிகையாளர்களுக்குச் சட்ட உதவி செய்துவருகிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை. மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரு தடவை அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். அலுவலகத்தில் இத்தனை வருஷம் இப்படிப்பட்ட கடிதங்கள் எழுதியவர், எந்த வரியை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.