சிட்டியா, வெர்னாவா? முதலில் அந்த டாப்-அப்பைப் பேசுவோம்

கேள்வி: வயது 38. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு, மான்யதா டெக் பார்க்கில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 1,15,000 ரூபாய், வாடகை 28,000. மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். 2014 வேகன் ஆர் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி வழியாகத் திருப்பத்தூருக்குப் போய் வருவோம், வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும். இப்போது செடான் வாங்கலாம் என்று முடிவு. "டிக்கி இருந்தாத்தான் கார்" என்பது மாமனார் வாக்கு. சிட்டி, வெர்னா, ஸ்லேவியா, விர்டஸ் நான்கையும் 43 வரிசை எக்செலில் ஒப்பிட்டு விட்டேன், முடிவெடுக்க முடியவில்லை. ஜிஎஸ்டி வேறு குறைந்திருக்கிறது. எக்ஸ்-ஷோரூம் 14 லட்சம், ஆன்-ரோடு 17.3 லட்சம். 13.3 லட்சத்துக்கு 7 வருடக் கார் லோன், 9 சதவீதம், இஎம்ஐ 21,400. மீதி 4 லட்சத்துக்கு பர்சனல் லோன் டாப்-அப், அதாவது ஏற்கெனவே ஓடும் கடனின் மேலேயே கூடுதல் கடன். அந்தப் பழைய கடன் 2019-இல் தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது, 6 லட்சம், 13 சதவீதம், 5 வருடம். 2021-லும் 2023-லும் டாப்-அப் எடுத்தேன். இஎம்ஐ 13,650 இன்றுவரை மாறவே இல்லை, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மியூச்சுவல் ஃபண்டில் 5.2 லட்சம், எஃப்.டி.யில் 2 லட்சம் இருக்கிறது. எஸ்ஐபி 12 சதவீதம் தரும்போது 9 சதவீதக் கடனுக்காக அதை ஏன் தொட வேண்டும்? எந்தக் காரை வாங்கலாம்? திருப்பத்தூர் விலாசத்தில் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமா?

பதில்: உங்கள் எக்செலை முழுதும் பார்த்தேன். சன்ரூஃபுக்கே மூன்று வரிசை போட்டிருக்கிறீர்கள், கடனுக்கு ஒரே வரிசை. அதிலும் "இஎம்ஐ: ஓகே" என்று பச்சை நிறம் அடித்திருக்கிறீர்கள்.

காரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நான்கும் நல்ல கார்கள். ஸ்லேவியாவும் விர்டஸும் புனே பக்கத்துச் சாகனில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த அக்கா தங்கை. ஒரே அடித்தளம், ஒரே 1.0, 1.5 டர்போ இன்ஜின்கள். சட்டைதான் வேறு. வெர்னா டர்போ 160 குதிரைத்திறன், சிட்டி 121. ஹெப்பாள் மேம்பாலத்தில் காலை ஒன்பதரைக்கு இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஊரும். டிக்கி வரிசையில் வெர்னாவுக்கு 528 லிட்டர் என்று முதல் மார்க் கொடுத்து, 506 லிட்டர் சிட்டியைக் கடைசியில் தள்ளியிருக்கிறீர்கள். வித்தியாசம் 22 லிட்டர். உங்கள் வீட்டு வாசலில் இறக்கிப் போகிறார்களே, அந்தத் தண்ணீர் கேன் ஒன்று.

மைலேஜ் வரிசைதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. கம்பெனிக் கணக்குப்படி நான்கும் லிட்டருக்கு 18, 20 என்று பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. 8,000 கிலோமீட்டருக்கு 18 கொடுக்கும் கார் 444 லிட்டர் குடிக்கும், 20 கொடுப்பது 400 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் வருடத்துக்கு மிச்சம் 4,400 ரூபாய்.

இப்போது உங்கள் பர்சனல் லோனுக்கு வாருங்கள். இன்று பாக்கி சுமார் 4.05 லட்சம் இருக்கும். அதற்கு 13 சதவீத வட்டி, இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 4,400 ரூபாய்.

மைலேஜில் ஒரு வருடம் முழுக்க மிச்சம் பிடிப்பதை இந்தக் கடன் ஒரே மாதத்தில் தின்றுவிடுகிறது. எக்செலில் இது எங்கேயும் இல்லை.

"இஎம்ஐ மாறவே இல்லை" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும்தான் பகீரென்றது. நேர்மையாக இரண்டு வருடம் கட்டினீர்கள், 3.28 லட்சம் போனது. அதில் அசலில் கழிந்தது 1.95 லட்சம் மட்டும். கழிந்த அந்த 1.95 லட்சத்தையும் வங்கி "உங்களுக்காகவே" என்று ஆப்பில் திரும்ப நீட்டியது, நீங்கள் ஒரு தட்டு தட்டினீர்கள். கடன் மறுபடி 6 லட்சம், தவணைக் காலம் மறுபடி 60 மாதம், இஎம்ஐ அதே 13,650. 2023-இல் திரும்பவும் அதே கதை. 2024-இல் முடிந்து போயிருக்க வேண்டிய கடன் இன்னும் மூன்று வருடம் நீட்டிப் படுத்திருக்கிறது.

மொத்தத்தைக் கூட்டினால் இப்படி வருகிறது: ஆறு வருடத்தில் உங்கள் கைக்கு வந்தது 6 லட்சமும் இரண்டு 1.95-ம், ஆக 9.9 லட்சம். நீங்கள் கட்டியது 9.83 லட்சம். வாங்கியதை ஏறக்குறைய முழுசாகக் கட்டிவிட்டீர்கள், இன்னும் 4 லட்சம் பாக்கி. அந்த 4 லட்சம்தான் வட்டி. ஒவ்வொரு டாப்-அப்புக்கும் பிடித்த ப்ராசஸிங் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் தனி.

ஒருமுறை எடுத்த கடனை நான் குறை சொல்லவில்லை. தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்காத அண்ணன் நம் பக்கத்தில் எத்தனை பேர்? ஆனால் இஎம்ஐ அதே என்றால் கடனும் அதே என்று உங்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கார் ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் பையன் இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவான். நீங்கள் படம் எடுத்து அனுப்பிய கொட்டேஷனை இன்னொரு முறை பாருங்கள். 21,400 என்பதைச் சுற்றி நீலப் பேனாவில் இரண்டு வட்டம். 84 மாதம் என்பது கீழே மூலையில், ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில் பாதி மறைந்து கிடக்கிறது. "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்றுதானே முதலில் கேட்டான்? விலையைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டான்.

அந்த 84-ஐப் பெருக்கினால் கார் லோனுக்குக் கட்டுவது 17.98 லட்சம், வட்டி 4.68 லட்சம். டாப்-அப் 4 லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் இன்னொரு 1.46 லட்சம். 14 லட்சம் விலை போட்ட கார் உங்கள் வாசலுக்கு வந்து சேர ஆவது 23.4 லட்சம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் காரின் மதிப்பை, அதாவது ஐடிவியை, ஆன்-ரோடு விலையில் பார்ப்பதில்லை. ரோடு டேக்ஸ் அவர்கள் கணக்கில் கிடையாது. ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம் கழிப்பார்கள், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40. ஒரு வருடம் முடியும்போது உங்கள் கார் லோன் பாக்கி 11.9 லட்சம், ஐடிவி 11.2. இரண்டு முடியும்போது 10.3, 9.8. மூன்று முடியும்போதும் கடன்தான் ஒரு கை மேலே, 8.6-க்கு 8.4. இடையில் வண்டி திருடு போனாலோ, கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிக்குப் பின்னால் நசுங்கினாலோ, இன்சூரன்ஸ் பணம் கடனை அடைக்கக் காணாது. டாப்-அப்பும் பாக்கி நிற்கும், கார் மட்டும் இருக்காது.

எஸ்ஐபி 12, கடன் 9, நடுவில் 3 சதவீத லாபம் என்ற கணக்கு உங்களுடையதல்ல. ஏதோ ரீல்ஸில் பார்த்தது, நானும் பார்த்திருக்கிறேன். ஃபண்டின் 12 யாரும் எழுதிக் கொடுத்ததல்ல, கடனின் 13 மட்டும் எழுத்தில் இருக்கிறது. ஆமாம், 13. 9 சதவீதக் கடனோடு ஒப்பிட்டுவிட்டு 13 சதவீதக் கடனை மறந்துவிட்டீர்கள்.

ஆகவே இந்த வாரமே ஃபண்டில் இருந்து 4.2 லட்சம் எடுத்து பர்சனல் லோனை முடியுங்கள். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்பார்கள். சாங்ஷன் லெட்டரில் போட்டிருக்கும், 4 சதவீதம் என்றால் 16,000 ரூபாய். அடைக்காமல் விட்டால் பாக்கி 36 மாதத்தில் கட்டப் போகும் வட்டி 86,000. ஃபண்ட் லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். உங்கள் அளவுக்கு வரி சில ஆயிரம்கூட வராது. எஃப்.டி.யைத் தொட வேண்டாம். வங்கி கொடுக்கும் கடன் முடிந்த சான்றிதழை வாங்கி வையுங்கள். அப்புறம் அந்த ஆப்பில் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காருக்கு 14 மாதம் பொறுங்கள். கார் லோன் 21,400, டாப்-அப்போடு சேர்ந்த பர்சனல் லோன் 18,300, இரண்டும் சேர்த்து மாதம் 39,700 கட்ட முடியும் என்றுதானே திட்டம் போட்டீர்கள்? சரி, கட்டுங்கள். வங்கிக்கு வேண்டாம், சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.யில். மூன்றாவது மாதமே ஸ்கூல் ஃபீஸ் வந்து மூச்சு முட்டுகிறதென்றால் அந்தக் கார் உங்கள் சம்பளத்துக்குப் பெரியது என்று கார் வாங்காமலே தெரிந்துவிடும். தாக்குப் பிடித்தால் 14 மாதத்தில் 5.5 லட்சத்துக்கு மேல் சேரும். வேகன் ஆர் ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் போனால் கையில் 7.3.

வாங்கும்போது 11 லட்சம் எக்ஸ்-ஷோரூமுக்குள் நில்லுங்கள். கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரை ரோடு டேக்ஸ் 17 சதவீதம், அதன் மேல் செஸ். ஆக ஆன்-ரோடு 13.7 வரும். கடன் 6.5 லட்சம், 4 வருடம், இஎம்ஐ 16,200, மொத்த வட்டி 1.27 லட்சம். சன்ரூஃப் இருக்காது. மே மாதத்து கிருஷ்ணகிரி வெயிலில் அதை யார் திறக்கப் போகிறார்கள்?

ஜிஎஸ்டி அவசரமும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு வரி 45-இல் இருந்து 40 ஆனது உண்மை, 14 லட்சம் காரில் ஐம்பதாயிரம் குறைந்திருக்கும். அது தீபாவளித் தள்ளுபடி அல்ல, வரி விகிதம். அடுத்த மாதமும் இருக்கும்.

எந்தக் கார் என்று கேட்டால், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அவுட்டர் ரிங் ரோடு நெரிசலுக்கு இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வேண்டாம் என்பேன். ஊர்ந்து ஊர்ந்து போனால் உலர் கிளட்ச் சூடாகும், வாரன்டி முடிந்த பிறகு செலவு வைத்தால் பில் உங்கள் தலையில். சிட்டியின் சிவிடி, அல்லது 1.0 டர்போ ஸ்லேவியா, விர்டஸில் வரும் டார்க் கன்வெர்ட்டர், இந்த வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸே போதும், அதுவும் அந்த 11 லட்சத்துக்குள் வந்தால். மேனுவல் என்றால் நான்கில் அந்த 11 லட்சத்துக்குள் கிடைப்பதில் எது உங்கள் வீட்டம்மாவுக்கு உட்காரச் சுகமோ அது.

கொட்டேஷனில் இரண்டு விஷயம். "எசென்ஷியல் கிட் 28,000" என்பதை அடிக்கச் சொல்லுங்கள், மேட்டும் மட்கார்டும் ஜே.சி. ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம். இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதே கவரேஜுக்கு வெளியே ஒரு விலை கேட்டுக்கொண்டு போனாலே குறைப்பார்கள். டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) என்று ஒரு சதவீதம் பிடித்திருப்பது மட்டும் நியாயமானது. 10 லட்சத்துக்கு மேல் காருக்கு உண்டு, ரிட்டர்ன் போடும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

திருப்பத்தூர் விலாசத்தில் பதிவு வேண்டாம். தமிழ்நாட்டிலும் இந்த விலைக்கு இப்போது 15 சதவீதம் ஆகிவிட்டது. வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கேயே நின்றால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றி இங்கேயும் வரி கட்டியாக வேண்டும். ஐம்பதாயிரம் மிச்சத்துக்காக அத்திப்பள்ளியில் ஆர்டிஓ ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்க வேண்டுமா?

கடைசியாக, கடிதத்தின் பின்குறிப்பில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: பழைய வேகன் ஆரைத் தங்கை மாப்பிள்ளை "சும்மாதானே நிக்கும், நான் எடுத்துக்கறேன்" என்று கேட்கிறார், அவருடைய மொபைல் கடைக்குத்தான் 2021 டாப்-அப் போனது, அது திரும்பி வரவில்லை என்று. கொடுக்க விருப்பம் என்றால் விலை பேசிக் கொடுங்கள், பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாலும் புதுப் பணம் வரட்டும். எப்படிக் கொடுத்தாலும் ஆர்சி அவர் பெயருக்கு மாறிய பிறகே சாவி. பதிவேட்டில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது.

அதுவரை 14 மாதம் அந்த வண்டிதான் மாதாமாதம் ஊருக்குப் போக வேண்டும். முன் டயர் இரண்டும் வழுக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடியும். ரொக்கமாகக் கொடுங்கள், அதற்கும் இஎம்ஐ வைத்திருக்கிறார்கள்.