விரிசல்மேல் தார் ஊற்றினால் போதுமா?

(சாலை, தெரு பற்றிய வாசகர்களின் சந்தேகங்களுக்கு ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவர் பதில் தருகிறார்.)

கேள்வி: எங்கள் மனைப்பிரிவின் உள்சாலையை நலச்சங்கமே பராமரிக்கிறது. போட்டு நான்கு வருடம்தான் ஆகிறது, அதற்குள் எங்கு பார்த்தாலும் விரிசல். எல்லாவற்றிலும் தாரைக் காய்ச்சி ஊற்றிவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். ஒப்புக்கொள்ளலாமா?
– சங்கச் செயலாளர், ஊரப்பாக்கம்

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு சாக்பீஸோடு தெருவில் நடந்து பாருங்கள். மேல்பரப்பு காய்ந்திருக்கும், விரிசல் மட்டும் ஈரத்தோடு கறுப்புக் கோடாகத் தெரியும். வெயிலில் கண்ணுக்கே படாத மயிரிழை விரிசல்கூட அப்போது தப்பாது. ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கோடாக ஓடுவது ஒரு ரகம். சக்கரம் போகும் தடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பின்னிக் கிடப்பது வேறு ரகம். இதை முதலைத்தோல் விரிசல் என்போம். பாரம் ஏறும்போதெல்லாம் தார்ப் படுகை வளைகிறது, அடிப்பக்கம் இழுபட்டுப் பிளக்கிறது, அந்தப் பிளவு மேலே ஏறி வருகிறது. விரிசல் ஓரத்தில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அடியில் ஜல்லிப் படுகைக்குள் தண்ணீர் நிற்கிறது, கனவண்டி ஏறும்போது அது ஜல்லி மாவோடு சேர்ந்து மேலே பீய்ச்சுகிறது. அதன்மேல் தார் ஊற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

உங்கள் பக்கம் தண்ணீர் லாரி வராமல் இருக்காது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை ஓட்டியே ஒரு பெரிய சாலைச் சோதனை நடத்தினார்கள். வண்டியின் சக்கர அச்சில் ஏறும் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். எனவே ஸ்கூட்டர்காரர்களையும் கார்காரர்களையும் விட்டுவிடுங்கள், லாரி எந்தத் தெரு வழியாக வரவேண்டும் என்று சங்கத்தில் பேசுங்கள்.

முதலைத்தோல் இடத்தைக் கெட்ட பகுதியைத் தாண்டி அரை அடி, ஓரடி நல்ல ரோடும் சேர்த்துச் சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். ஓரம் செங்குத்தாக நிற்கவேண்டும். சேறான ஜல்லி முழுவதையும் அள்ளிவிட்டுப் புது ஜல்லியைப் படுகை படுகையாகப் போட்டுத் திமிசு போடவேண்டும். அப்புறம் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் எமல்ஷன் (தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார்) பூசி, ஹாட் மிக்ஸ் என்கிற சூடான தார்-ஜல்லிக் கலவையைப் போட்டு ரோலர் ஓட்டவேண்டும். பக்கச் சுவருக்குப் பூசாமல் விடுவதுதான் இங்கே வழக்கம். அடுத்த மழைக்குப் பேட்சைச் சுற்றி அதே அளவில் ஒரு விரிசல் வரும், பாருங்கள். லாரி வந்ததும் கலவையில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கலாம். விஜி-30 என்ற ரகத் தார் என்றால் பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. தார்ப்பாய் மூடாமல் வந்த லாரி என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஒற்றை விரிசல்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அது நுழையாத விரிசலுக்கு நீர்த்த எமல்ஷன் போதும். நுழைந்தால் கம்பிப் புருசு போட்டு, கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதிவிட்டு, கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது விழும் தூள்) கலந்த எமல்ஷனை இறக்கவேண்டும். பழுப்பாக இருப்பது கறுப்பாக மாறும்வரை வண்டி விடாதீர்கள். தூசிமேல் கொட்டிய காய்ச்சிய தார் விரிசலுக்குள் இறங்காது. சித்திரை வெயிலில் இளகி டயரோடு போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலையில் ஓரத்தை ஒட்டி நீளமாகப் பிளக்கிறது. கோடையில் விரல் நுழைகிறது, மழையில் பாதி மூடிக்கொள்கிறது. தார் கலப்படமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: தாரைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் ஊர்க் கரிசல் செய்யும் வேலை அது. பருத்திக்குக் கொண்டாட்டமான மண், சாலைக்குத் திண்டாட்டம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ரோட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் ஓரளவு நிலையாக இருக்கும். ஓரத்து மண்தான் மாறி மாறிச் சுருங்கி, மேலே இருக்கும் தாரையும் இழுத்துப் பிளக்கிறது. ஓரத்தில் பெரிய மரம் நின்றால் அதன் வேர் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன், அந்த வெயிலில் அது வேண்டும்.

விரிசல் மூடித் திறப்பதால் வெறும் தார் நிற்காது. ரப்பரோ பாலிமரோ கலந்த, இழுத்தால் நீளும் தார் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் அடைத்துவிட்டால் நல்லது. அதைவிட முக்கியம் சாலையோர மண்திட்டு. அது ரோட்டைவிட உயர்ந்து நின்றால் தண்ணீர் ஓரத்திலேயே தேங்கி விரிசலுக்குள் இறங்கும். சீவிச் சரித்து வாய்க்காலுக்கு வழிவிடவேண்டும். ஊராட்சியில் இதைக் கேட்டு வாங்குவது புது ரோடு கேட்பதைவிட எளிது.

கேள்வி: பிளாஸ்டிக் கலந்த ரோட்டில் விரிசலே வராதாமே?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறை, 2018-ல் பத்மஸ்ரீ வாங்கித் தந்தது. சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் உருகிப் படிவதால் தார் கல்லை நன்றாகப் பிடிக்கிறது, தண்ணீர் புகுந்து தாரைக் கல்லிலிருந்து பிரிப்பது குறைகிறது. சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இப்படிப் போட்டார்கள். ஆனால் அடிமண் இறங்கினால் எந்த ரோடும் பிளக்கும், பிளாஸ்டிக் ரோடு உட்பட.

கேள்வி: வாசல் முன்னால் இருக்கும் விரிசலில் வீட்டில் மீந்த சிமெண்டைக் கரைத்து ஊற்றலாமா?
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: வேண்டாம். தார் ரோடு வெயிலுக்கும் பாரத்துக்கும் நெளியும், சிமெண்ட் நெளியாது. சில வாரத்தில் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். மீந்த சிமெண்டை மாடித் தளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கட்டி தட்டாமல் இருந்தால்.