பழைய பாராகிளைடர், மறைக்கப்பட்ட மணிக்கணக்கு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புனே அருகே காம்ஷேட்டில் பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கிப் பறப்பது) கற்றுக்கொண்டேன். சொந்தமாகப் புது கிளைடர் வாங்க விசாரித்தபோது வரி எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய் என்றார்கள். நான் கற்கத் தொடங்கியபோது இதில் பாதிக்குச் சற்று மேல்தான் சொன்னார்கள். வேறு வழியில்லாமல், புனேயில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் கடந்த செப்டம்பரில் 1,65,000 ரூபாய்க்குப் பழைய கிளைடர் வாங்கினேன். நேரில் போய் மைதானத்தில் விரித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். "நான் 60 மணி நேரம்தான் பறந்திருக்கிறேன், அண்ணா" என்று வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார். நவம்பரில் பறப்பதற்காக இமாசலப் பிரதேசத்தின் பீர் என்ற ஊருக்குச் சென்றபோது கிளைடரைச் சோதனைக்குக் கொடுத்தேன். துணியில் காற்றுக் கசிவு வரம்பு மீறிவிட்டது, இழுவைச் சோதனையில் ஒரு லைன் (துணியையும் பறப்பவரையும் இணைக்கும் கயிறு) அறுந்துவிட்டது, பறக்கத் தகுதியற்றது என்று அறிக்கை தந்தார்கள். துணிக்குள் இருந்த முத்திரையில் "மே 2022, 180 மணி நேரம்" என்று இருந்தது. விற்றவரிடம் கேட்டால், 2023இல் தானே இன்னொருவரிடம் வாங்கியதாக இப்போதுதான் சொல்கிறார். 28,000 ரூபாய் செலவழித்து லைன்களை மாற்றினேன். மனைவியின் நகையை அடகு வைத்த பணம் இது. அண்ணா அண்ணா என்று பேசியே ஏமாற்றிவிட்டார். 60,000 ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்கிறார். புது கிளைடரின் விலையையும் மன உளைச்சலுக்கு ஈட்டையும் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? மோசடிப் புகார் கொடுக்கலாமா? நண்பர் ஒருவர் 1,20,000 ரூபாய்க்குக் கேட்கிறார். அவரும் அனுபவசாலிதான். அவருக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: நகை அடகு, அண்ணா என்ற அழைப்பு, புது கிளைடரின் விலை ஆகிய மூன்றையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். யூரோ 2025இல் நூறு ரூபாயைத் தாண்டியதற்கும் இறக்குமதி கிளைடரின் விலை எகிறியதற்கும் புனேக்காரர் பொறுப்பல்ல. நான்கரை லட்சப் பொருளை ஒன்றேமுக்கால் லட்சத்துக்குள் வாங்கினீர்கள். மிச்சமானதாக நீங்கள் நினைக்கும் தொகையில் பெரும்பகுதி, அந்தப் பொருளின் பழைய வாழ்க்கையை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கான விலைதான். நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கும்.

உங்கள் வழக்கு தங்கியிருப்பது ஒரே இடத்தில். நீங்கள் அனுப்பிய வாட்ஸப் படத்தில் அவருடைய பதில் இருக்கிறது. அதற்கு மேலே இருந்த உங்கள் கேள்வி வெட்டப்பட்டிருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

காரணம், "நான் 60 மணி நேரம்தான் பறந்திருக்கிறேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம். 2023இல் வாங்கியவர் அதன் பிறகு 60 மணி நேரம் பறந்திருப்பார். முந்தைய 180 மணி நேரம் வேறொருவர் கணக்கு. கிளைடர் குறைந்தது 240 மணி நேரம் பறந்திருக்கும். அவர் சொன்னது பொய்யாகாது. ஆனால் நீங்கள் "இந்த கிளைடர் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது?" என்று எழுதிக் கேட்டு, அதற்கு அவர் இந்தப் பதிலைத் தந்திருந்தால், அது பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைத்த பதில். அப்போது ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பேசலாம். 60 மணி நேரம் பறந்த கிளைடர் என்ற விவரணையின் பேரில் விற்ற பொருள் அந்த விவரணைக்குப் பொருந்தவில்லை என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் எடுக்கலாம். கேள்வியைத் தொலைபேசியில் கேட்டிருந்தால், அல்லது "எப்படி இருக்கிறது, நன்றாக ஓடுகிறதா?" என்று மட்டும் எழுதியிருந்தால், உங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முத்திரையைப் பெரிய சாட்சியாக நினைக்கிறீர்கள். அது இரு பக்கமும் வெட்டும் கத்தி. புனே மைதானத்தில் கிளைடரை விரித்தீர்கள். துணியைத் தூக்கிப் பார்த்திருந்தால் வரிசை எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த முத்திரை இருந்திருக்கும். விற்றவர் வேண்டுமென்றே பொய் சொல்லாமல், வெறுமனே தவறாகச் சொன்னார் அல்லது பேசாமல் இருந்தார் என்ற நிலை வந்தால், சாதாரண கவனத்தோடு பார்த்தே உண்மையைக் கண்டறிந்திருக்கலாம் என்று 19ஆம் பிரிவின் விதிவிலக்கைக் காட்டி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களை மடக்குவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நுகர்வோர் ஆணையம் பற்றி: தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்ற தனி மனிதரை வணிகர் என்று காட்டுவது கடினம். அந்த முதல் ஆட்சேபணையிலேயே மாதங்கள் ஓடிவிடும். அவர் ஒவ்வொரு பருவத்திலும் நான்கைந்து கிளைடர்களை வாங்கி விற்பவர் என்று காட்ட முடிந்தால் கதை வேறு; அந்த விளம்பரங்கள் கிடைத்தால் அனுப்புங்கள். காவல் நிலையம் வேண்டாம். மோசடிக்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். சிவில் பாக்கியை வசூலிக்கக் குற்றப் புகாரைக் கருவியாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. "பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்" என்று அவருக்கு இதற்குள் எழுதியிருந்தால், இனி எழுதாதீர்கள்.

இப்போது நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "லைன் மாற்றிய பிறகு, விடுப்பு வீணாகக் கூடாதென்று பீருக்கு மேலே உள்ள பில்லிங் மலையிலிருந்து மூன்று முறை மாலைக் காற்றில் மட்டும் பறந்தேன்." உங்கள் வழக்கில் பாதியை அந்த மூன்று பறத்தல்கள் கொண்டுபோய்விட்டன.

பொருள் சரியில்லை என்று தெரிந்த நாளிலிருந்து வாங்கியவருக்கு ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வழக்குத் தொடரும் மூன்று ஆண்டுக் காலவரையறையை நான் சொல்லவில்லை. இந்தக் கடிகாரம் வாரக் கணக்கில் ஓடுவது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, விற்றவருடைய உரிமைக்கு முரணான எதையாவது அந்தப் பொருளில் செய்தாலோ, நியாயமான காலத்துக்குள் "வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்" என்று தெரிவிக்காமல் வைத்துக்கொண்டாலோ, பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நீங்கள் லைன்களை மாற்றினீர்கள், பறந்தீர்கள், இரண்டு மாதம் வைத்திருந்தீர்கள். அவருக்கு எழுதியதோ "நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை" என்பதுதான். அது வருத்தம், பொருளை மறுப்பது வேறு. ஏற்றுக்கொண்ட பிறகு 13ஆம் பிரிவின்படி பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. நட்ட ஈடு கேட்கும் வழி மட்டும் மிஞ்சும்.

திருப்பூரில் ஒரு கட்சிக்காரர் பழைய பின்னல் இயந்திரம் வாங்கினார். பழுது தெரிந்த மூன்றாம் நாளே என்னிடம் வந்து அறிவிப்பு அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். ஆனால் ஆர்டர் நிற்கக் கூடாதென்று எட்டு மாதம் அதே இயந்திரத்தில் துணி ஓட்டினார். குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "இந்த எட்டு மாதத்தில் எத்தனை கிலோ துணி ஓட்டினீர்கள்?" அவர் பெருமையாகவே கணக்குச் சொன்னார். அங்கேயே வழக்கு முடிந்தது. உங்களிடம் கேட்கப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும். பறக்கத் தகுதியற்றது என்று அறிக்கை சொன்ன ஒன்றில் ஏறி 2,400 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை குதித்தீர்களே, அப்படியென்றால் அது தகுதியுள்ளதுதானே? இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. (உயிரோடு கடிதம் எழுதியதற்கு மகிழ்ச்சி. உங்கள் விபத்துக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள்.)

அடுத்தது நண்பர். கூடாது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மட்டுமல்ல, இருபதாயிரத்துக்கும் கூடாது. இதுவரை நீங்கள் ஏமாந்தவர். கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு இதை விற்ற நொடியில், புனேக்காரருடைய இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். அவருக்கு இருக்கும் தற்காப்பும் உங்களுக்கு இருக்காது. அறிக்கையே வரவில்லை, எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லலாம். உங்கள் பெயரிலேயே சோதனைக்கூடம் அறிக்கை தந்திருக்கிறது. காற்று கசியும் துணியால் கிளைடர் உயிரை எடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 106ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. தெரிந்தே விற்றீர்கள் என்றால் அதைவிடக் கனமான பிரிவைப் போடவும் காவல்துறை யோசிக்கும். "அவரும் அனுபவசாலிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு விற்றவரும் உங்களைப் பற்றி இதையேதான் நினைத்திருப்பார். அறிக்கையைக் காட்டிவிட்டு விற்றால் என்ன என்று கேட்காதீர்கள். காட்டினேன் என்பதை விபத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் எதிரில் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். நட்ட ஈட்டின் அளவு புது கிளைடரின் விலை ஆகாது. சொன்னபடி இருந்திருந்தால் உள்ள மதிப்புக்கும் இப்போது உள்ள மதிப்புக்கும் இடையிலான வித்தியாசம்தான். தரையில் காற்றைப் பிடித்துப் பழக மட்டும் உதவும் துணி இருபத்தைந்தாயிரம் போகும் என்று வைத்தால், உங்கள் உச்சவரம்பு 1,40,000 ரூபாய். லைனுக்குக் கொடுத்த 28,000 வராது. தகுதியற்றது என்று தெரிந்த பிறகு செலவழித்தது அது. மன உளைச்சல் என்ற தலைப்பை விற்பனை ஒப்பந்த வழக்கில் எழுதி நேரத்தை வீணாக்க மாட்டேன். இந்த 1,40,000ஐப் பெற, நீதிமன்றக் கட்டணத்தோடு வழக்கறிஞர் கட்டணமும் போக, பீரில் அறிக்கை தந்தவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும். அவர் பருவ காலத்தில் கடையை மூடிவிட்டு கோவைக்கு வரமாட்டார்.

ஆகவே சமாதானம் பேசுங்கள். 60,000 என்று அவர் தொடங்கியிருக்கிறார் என்றால் அவருக்கும் பயம் இருக்கிறது. 90,000 கேளுங்கள். 75,000க்கு வந்தால் கையெழுத்துப் போடுங்கள். நான் வழக்கு நடத்தினாலும், செலவு போக உங்கள் கைக்கு இதைவிட அதிகம் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் தவறக் கூடாது. பணம் வங்கிக் கணக்கில் வந்த பிறகே "இனி கோரிக்கை இல்லை" என்ற வாசகம் நடைமுறைக்கு வர வேண்டும். தவணைக் காசோலைக்குக் கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் என்னிடம் வரிசையில் இருக்கிறார்கள். அடுத்தது, கிளைடர் யாரிடம் இருக்கப்போகிறது என்பது. அவரிடம் திரும்பிப் போனால் அதை மூன்றாவது ஆளுக்கு விற்பார். உங்களிடமே வைத்துக்கொண்டு, துணியின் நடுவில் உள்ள காற்றறையில் அழியாத மையால் "பறக்கக் கூடாது" என்று எழுதி, படம் எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

அவர் பேச்சுக்கு வராவிட்டால்தான் வழக்கு. அதற்கு உங்கள் பழைய தொலைபேசி அப்படியே இருக்க வேண்டும். மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் வாட்ஸப் படம் வெறும் படம். எக்ஸ்சேஞ்ச் சலுகையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். இன்று மாலைக்குள் வெட்டாத அந்த உரையாடலை எனக்கு அனுப்புங்கள். லைன் மாற்றித் தந்தவரிடம், கழற்றிய பழைய லைன்களும் சோதனையில் அறுந்த துண்டும் இன்னும் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் கூரியரில் வரவழைத்து, உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.