8 பிட் ராவாக மாற்றிய சாம்பிள்கள் ப்ரோட்ராக்கரில் கரகரக்கின்றனவா?

டிரம் சாம்பிள்களை மொத்தமாக 8 பிட் ராவாக (தலைப்புத் தகவல் இல்லாத வெறும் ஒலித்தரவாக) மாற்றி, அமிகா கணினியின் இசை மென்பொருளான ப்ரோட்ராக்கரில் ஏற்றினால் ஒரே கரகரப்பு என்கிறீர்கள். கோளாறு சாம்பிளில் இல்லை. 8 பிட் வேவ் கோப்பில் மௌனம் என்றால் 128, அமிகாவுக்கோ 0. நீங்கள் அன்சைன்டாக (0 முதல் 255 வரை) சேமித்ததை அது சைன்டாக (-128 முதல் 127 வரை) படிக்கிறது, அதான் அந்த இரைச்சல்.

சாக்ஸ் (கட்டளை வரியில் இயங்கும் ஒலி மாற்றி) இருந்தால், எல்லாக் கோப்புகளையும் மாற்ற ஷெல்லில் ஒரு ஃபார் லூப் போதும்: மோனோ, 8 பிட், 16574 ஹெர்ட்ஸ், வெளியீடு 8எஸ்விஎக்ஸ் (சைன்டாகவே சேமிக்கும் அமிகா ஒலிக்கோப்பு வகை). பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) அமிகாவில் சி-3 சுரத்தை அழுத்தினால் அசல் சுருதியிலேயே ஒலிக்கும். பேஸுக்கு 8287 தாராளம், சி-2வில் வாசியுங்கள். ரேட்டை மாற்றிய பிறகுதான் நார்மலைஸ் (உச்ச ஒலியளவைச் சரிசெய்வது), அதுவும் -1 டெசிபலுக்கு. சாக்ஸ் கேட்காமலே டிதர் (பிட் குறைப்பின் சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்க்கும். ஸ்னேர் அடங்கும் இடத்தில் உஸ்ஸென்று கேட்டால் பெரிய எழுத்து டி ஆப்ஷனால் அணைத்துவிடுங்கள். வெளியீட்டுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள்.