பிரேக் ஃபெயிலியர்னு சொன்னா லாரி ஓனர் தப்பிக்க முடியுமா?

கேட்டவரு ஒரு லாரி வச்சிருக்காரு, டிரைவர் கொண்டு போய் இடிச்சுட்டு பிரேக்கே பிடிக்கலைன்னு சொல்றாரு, வண்டி கோளாறுன்னு சொல்லி நஷ்டஈடு கேஸ்ல இருந்து வெளிய வந்துரலாமான்னு கேக்குறாரு. அவ்ளோ சுலபம் இல்லங்க. எங்க வீட்லயும் லாரி தான் பொழப்பு, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். ஏர் பிரேக் வண்டில ஏர் சுத்தமா இறங்கிப் போச்சுன்னா வண்டி தறிகெட்டு ஓடாது, நின்னுரும். பின் வீல் பக்கம் இருக்குற பிரேக் சேம்பர்ல (பிரேக்கை இயக்குற காத்து டப்பா) இருக்குற ஸ்பிரிங்கை ஏர் தான் அமுக்கி வச்சிருக்கு, ஏர் போனா ஸ்பிரிங் விரிஞ்சு பின் வீல் பிரேக்கை பிடிச்சுக்கும். அப்புறம் பிரேக் பிடிக்கலைன்னா என்ன அர்த்தம்? பெரும்பாலும் லைனர் (ட்ரம்மை உரசிப் பிடிக்கிற பட்டை) தேஞ்சிருக்கும், ஸ்லாக் அட்ஜஸ்டர் (லைனருக்கும் ட்ரம்முக்கும் நடுவுல இடைவெளியை சரி பண்ற பாகம்) லூசா இருந்திருக்கும், இல்லன்னா இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்து, வீலோட சுத்துற ட்ரம் சூடாகி லைனர் பிடிப்பே போயிருக்கும். தர்மபுரி பக்கம் தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விடுறாங்க பாருங்க, அங்க நடக்குறது இது தான். இன்ஜின் இழுத்துப் பிடிக்க வேண்டிய வேலையையும் சேர்த்து பிரேக்கே பார்த்தா அது எவ்ளோ தாங்கும்.

கோர்ட்டும் இதைத் தான் கேக்கும். 1977லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, இயந்திரக் கோளாறுன்னு சொன்னா மட்டும் பத்தாது, அது வெளிய தெரியாத கோளாறு, ஒழுங்கா பராமரிச்சும் கண்டுபிடிக்க முடியலைன்னு ஓனர் தான் நிரூபிக்கணும். லைனர் தேய்ஞ்சது அதுல வருமா சொல்லுங்க. எஃப்.சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்னு கொடுக்குற சான்று) இருக்கேன்னு சிலர் சொல்வாங்க, புது வண்டிக்கு முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை தான் எஃப்.சி, நடுவுல லைனர் தேயாதா என்ன. பட்டறை பில்லு தான் சாட்சி, நம்மாளுங்க அதை மட்டும் வாங்கவே மாட்டாங்க (எங்கப்பா உட்பட).

இன்சூரன்ஸ், லைசன்ஸ், பர்மிட் எல்லாம் சரியா இருந்தா அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தான் கட்டப் போகுது, அதுக்கு இவ்ளோ பயப்பட வேண்டாம். டிரைவர் மேல போடுற கிரிமினல் கேஸ் வேற கதை.

நிஜமாவே தயாரிப்புக் கோளாறுன்னா தயாரிச்ச கம்பெனி மேல போகலாம். வியாபாரத்துக்கு வாங்குன வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாதுன்னு ஷோரூம்ல சொல்வாங்க, அது பாதி உண்மை தான். சொந்தப் பொழப்புக்காக வாங்கி தானே ஓட்டுறவரும் நுகர்வோர் தான்னு 1995ல கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி சம்பந்தப்பட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் லாரியவே உதாரணமா சொல்லியிருக்கு. பத்து வண்டி வச்சு ஆளு போட்டு ஓட்டுறவருக்கு அது பொருந்தாது. நீங்க டிரைவர் போட்டிருக்கீங்க, அதனால எதிர்த்தரப்பு முதல்ல அதைத் தான் பிடிக்கும், வக்கீல்கிட்ட இதை மறைக்காம சொல்லிருங்க.

வண்டி இன்னும் ஸ்டேஷன்ல நிக்குதுன்னா பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆர்.டி.ஓ ஆபீஸ் மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்க வர்றப்ப நீங்களும் நம்பிக்கையான மெக்கானிக்கும் கூட இருங்க. விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணம் இல்லைன்னு அவர் ரிப்போர்ட்ல எழுதிட்டா அப்புறம் மாத்துறது ரொம்ப கஷ்டம். ட்ரம்மைக் கழட்டிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்க, போட்டோ எடுத்து வச்சுக்கங்க. ஸ்டேஷன்ல இருந்து வண்டியை எடுத்த கையோட பட்டறைக்கு விட்டு பழைய லைனரைத் தூக்கிப் போட்டுறாதீங்க.