ஒரு மணி நேர லேசரில் பல் வெள்ளையாகிவிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. பென்னாகரம் பக்கம் கிராமம். சின்ன வயதிலிருந்தே மேல் முன்பற்களில் பழுப்புத் திட்டும் வெள்ளைக் கோடுகளும் இருக்கின்றன. அடுத்த மாதக் கடைசியில் கல்யாணம். ஒரு கிளினிக்கில் லேசர் வொயிட்டனிங் செய்தால் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். எனாமல் கரைந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். செய்யலாமா? முன்பல் ஒன்றில் ஏற்கெனவே கேப் போட்டிருக்கிறேன்.

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் அதை மட்டும் செய்தால் நீங்கள் நினைக்கிற பல் கிடைக்காது. கேப் இருப்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஊரையும் 'சின்ன வயதிலிருந்தே' என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஃப்ளோரோசிஸ் என்றுதான் தோன்றுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம்; லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே எனாமல் சரியாக இறுகாமல் போய்விடும். அதற்கு மாற்றாகக் காவிரித் தண்ணீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தபோது உங்கள் முன்பற்கள் எப்போதோ முளைத்து முடிந்திருக்கும். அதாவது இது டீக்கறை, வெற்றிலைக்கறை மாதிரி வெளியில் ஒட்டியது அல்ல, எனாமலுக்குள்ளேயே இருப்பது. கரி பவுடர், எலுமிச்சையோடு சோடா உப்பு என்று வீடியோ பார்த்துத் தேய்த்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் அம்மா பயப்படுகிற எனாமல் தேய்மானம் அதில்தான் உண்மையிலேயே நடக்கும்.

இனி லேசர். பல்லை வெளுப்பது லேசர் அல்ல, அதற்கு முன்னால் பூசுகிற ஜெல். அதில் பொதுவாக 25 முதல் 40 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும், அது எனாமலுக்குள் ஊடுருவி நிறம் தரும் பொருளை உடைக்கிறது. ஒளி அதைக் கொஞ்சம் சூடாக்கித் தூண்டுகிறது, அவ்வளவுதான். ஒளி இல்லாமல் அதே ஜெல்லை வைத்தாலும், சில வாரம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. பல இடங்களில் 'லேசர்' என்று பெயர் வைத்துக்கொண்டு வாய்க்கு முன் நிறுத்துகிற நீல விளக்கு வெறும் எல்இடி. ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் லேசர் என்ற பேருக்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் க்ளீனிங், பிறகு பல் நிறத்தை ஒப்பிடும் ஷேடு அட்டையை உங்கள் பல்லோடு ஒட்டிப் பிடித்து ஒரு போட்டோ. உதட்டை விரித்து வைத்து, ஈறின் ஓரம் முழுக்க ரெசின் என்ற பிசினைக் கோடாகப் போட்டு விளக்கால் இறுக வைப்பார்கள். இதை அவசரமாகப் போட்டால் ஜெல் கசிந்து ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து எரியும் (ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனால் தேவையில்லாத அவஸ்தை). அப்புறம் ஜெல்லைப் பூசி 15, 20 நிமிடம் வைத்து, உறிஞ்சி எடுத்து, மறுபடி பூசி, இப்படி இரண்டு மூன்று சுற்று. நடுவில் ஏதாவது ஒரு பல்லில் ஊசி குத்தியது போல் சுரீரென்று இழுக்கும். பொறுத்துக்கொள்ளாமல் கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள்.

முடித்ததும் கண்ணாடியில் தெரிகிற வெள்ளையை நம்பாதீர்கள், வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல் காய்ந்துபோனதும் அதில் சேர்ந்திருக்கிறது. எச்சில் ஊறி ஓரிரு வாரத்தில் கொஞ்சம் இறங்கி நிற்பதுதான் உங்கள் உண்மையான நிறம். கூச்சம் பெரும்பாலும் சில நாளில் போய்விடும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை ஒரு வாரம் முன்பிருந்தே தேய்த்தால் குறைவாக இருக்கும். எனாமல் கரையாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் சொத்தையோ விரிசலோ இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெல் நேராக நரம்பைப் போய்த் தொடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று: ப்ளீச்சிங்கில், அதாவது இந்த ஜெல் வெளுப்பில், பழுப்பு ஓரளவு மங்கும், வெள்ளைக் கோடுகள் மங்காது, முதல் சில நாள் முன்னைவிடத் தூக்கலாகக்கூடத் தெரியும். அதனால் ஃப்ளோரோசிஸ் பற்களுக்கு முதலில் மைக்ரோ அப்ரேஷன் செய்வது நல்லது. மெல்லிய அமிலக் கலவையால் மேல் எனாமலில் மயிரிழை அளவு தேய்த்து எடுப்பார்கள், லேசான பழுப்புத் திட்டு அதிலேயே நன்றாகப் போய்விடும். பிறகு ப்ளீச்சிங். வெள்ளைக் கோடு மீதியிருந்தால் அதற்குள் நீர்த்த ரெசினை இறக்குகிற சிகிச்சையும் உண்டு. பல்லில் குழி குழியாக இருந்தால் மட்டும் இதெல்லாம் போதாது, பல் நிறத்தில் பூசி அடைக்கிற காம்போசிட்டோ, பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடான வெனீரோ தேவைப்படலாம்.

சரி, கேப். எந்த ஜெல்லுக்கும் கேப் வெளுக்காது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்தால் அது ஒன்று மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும், அதுவும் கல்யாண ஆல்பத்தில். அதனால் ப்ளீச்சிங் முடித்து இரண்டு வாரம் நிறம் நிலைக்க விட்டு, அந்த நிறத்துக்குப் புதுக் கேப் எடுக்க வேண்டும். ரெசின், காம்போசிட் வேலைக்கும் இதே இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், உடனே போட்டால் சரியாக ஒட்டாது. லேப் வேலைக்கும் சில நாள் ஆகும் என்பதால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

போகும்போது ஜெல் எத்தனை சதவீதம், திட்டுக்குத் தனியாக என்ன செய்வீர்கள், கேப்பை எப்போது மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் பேக்கேஜ் விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.